கொழுந்துக்கு எத்தனை எழுத்து?

சென்ற மாதம் ஹட்டனில் உறவினர் வீடொன்றில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். தரம் 10 இல் பயிலும் அவ்வீட்டுப் பெண், கைப்பேசியின் உலாவியில் தமிழ்ச் சொல் விளையாட்டொன்றை ஆடிக்கொண்டிருந்தாள். நான்கு கட்டங்கள். 'கொழுந்து' என்று இட்டாள். சொல் நீளமாக இருக்கிறதென்று விளையாட்டு தள்ளிவிட்டது. கொ, ழு, ந், து என நான்கே எழுத்துகள்தாம். ஆனால் யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அவற்றை எண்ணினால் எட்டு வரும். விளையாட்டை ஆக்கியவர் கணினியின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

சற்று நேரத்தில் ஒரு சாளரம் திறந்து 1 முதல் 5 வரை நட்சத்திரம் கேட்டது. எழுத இடமில்லை. அவள் ஐந்தை அழுத்தினாள். ஏனென்று கேட்டேன்.

"எதையாச்சும் அமுக்குனாத்தான் அடுத்தது வரும் மாமா."

அந்த ஐந்து நட்சத்திரங்களும் எங்கோ ஒரு பாராட்டாகப் பதிவாகியிருக்கும். கொழும்பில் மென்பொருள் துறையிலுள்ள நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆடுபவர்கள் வாயால் சொல்வதை நம்ப முடியாதாம்; அவர்கள் திரும்பி வருகிறார்களா என்பதே உண்மையான கருத்தாம். படித்த மனிதர் ஒருவர் இவ்வளவு தவறான ஒன்றை இத்தனை உறுதியோடு சொல்லி நான் கேட்டதில்லை.

2009 இல் முகநூலில் வெளிவந்த ஃபார்ம்வில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்ட்ராபெரி நான்கு மணி நேரத்தில் பழுக்கும். (நுவரெலியாவில் உண்மையாகவே ஸ்ட்ராபெரி பயிரிடுவோர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.) உரிய நேரத்தில் வந்து பறிக்காவிட்டால் பயிர் வாடிவிடும். ஆகவே கோடிக்கணக்கானோர் வந்தார்கள். அதை நடத்திய சிங்கா நிறுவனத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவர், தாங்கள் விளையாட்டு நிறுவனமாக வேடமிட்ட தரவு ஆய்வு நிறுவனமே என்று 2011 இல் வெளிப்படையாகச் சொன்னார். 2020 டிசம்பர் 31 அன்று, ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு முடிந்த அதே நாளில், அவ்விளையாட்டும் மூடப்பட்டது.

மலையகத்தாருக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. அதன் பெயர் பெரட்டு. விடியலில் பெரட்டுக்களத்தில் நிற்காதவருக்குப் பேர் விழாது. பேர் இல்லையேல் கூலி இல்லை. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக்கு நாள் தவறாமல் ஆள் வருகிறது, ஆகவே தோட்ட வேலை இனிக்கிறது என்று ஒரு துரை முடிவுகட்டினால் அவரை என்னவென்று சொல்வோம்? கூலியும் கேளிக்கையும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் வராவிட்டால் இழப்பு என்று வைத்துவிட்டு, வந்தவர் தலையை எண்ணி அதை விருப்பம் என்பது இரண்டிடத்தும் ஒரே கணக்குத்தான்.

இதை நையாண்டி செய்யவே அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட் 2010 இல் 'கௌ கிளிக்கர்' என்ற விளையாட்டை ஆக்கினார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பசுவைச் சொடுக்கலாம், வேறொன்றும் இல்லை. கூட்டம் சேர்ந்தது. 2011 இல் அவர் பசுக்களையே நீக்கிவிட்டார். அதன் பின்னரும் பசு நின்ற வெற்றிடத்தைச் சிலர் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். நண்பரின் அளவுகோலின்படி இதுவும் நல்ல வரவேற்பே!

மாறாக, ஜோஷ் வார்டிலைப் பாருங்கள். அவருடைய வேர்டில் 2021 இல் பரவியபோது, ஆடியவர்கள் தம் முடிவை வண்ணச் சதுரங்களாகத் தாமே தட்டெழுதிப் பகிர்வதைக் கண்டார். அதையே அவ்வாண்டு டிசம்பரில் விளையாட்டின் ஓர் அங்கமாக்கினார். உலகமே அறிந்த அந்தப் பச்சை, மஞ்சள் கட்டங்கள் ஆடியவர்கள் தந்தவை.

இப்பக்கத்தை வாசிப்போருள் தமிழ் விளையாட்டுகள் செய்வோரும் உண்டு. இலவசமாகத் தருகிறோமே, குறை சொல்லலாமா என்று வருந்துவீர்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நட்சத்திரங்களுக்குக் கீழே தமிழில் எழுத ஒரு பெட்டி வையுங்கள், வந்ததைப் படியுங்கள். குறியீடுகளைச் சேர்த்து எழுத்தாக எண்ணுவது நிரலில் சில வரி வேலை. செய்து முடித்ததும் 'தேயிலை' என்று இட்டுப் பாருங்கள். ஆறு என்றல்ல, மூன்று என்று வர வேண்டும்.