முதலில் மூடியைப் பார்ப்போம்

மட்டக்களப்பு வாவியில் வெளியிணைப்பு இயந்திரம் நின்றுவிட்டால் துடுப்பு உண்டு. முகத்துவாரத்து அலைகளிடையே நின்றுவிட்டாலோ உயிருக்கே இடர். ஆதலின் அதன் பிணியை வாவியிலேயே அறிந்துகொள்வது நன்று.

மெல்ல ஓடுகையில் குறையின்றி, விசை கூட்டியதும் தளரும் இயந்திரத்தில் நாம் முதலில் ஐயுறவேண்டியது எரிபொருள் வழியையே. எதையும் கழற்றுமுன் தாங்கி மூடியின் காற்றுத் துளையைப் பார்ப்போம். அது அடைபட்டிருந்தால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே அமுக்கமும் குறையும். பம்பியால் இழுக்க இயலாது. மூடியைத் தளர்த்தியதும் ஓட்டம் சீரானால் குறை அதுவே.

இன்றேல், ஓடும்போது குழாயிலுள்ள இறப்பர்க் குமிழைக் கவனிப்போம். அது உள்ளொடுங்கினால் தடை தாங்கிப் பக்கம். ஒடுங்காதிருந்து, கையால் அமுக்கும்போது மட்டும் வேகம் மீண்டால் பம்பியை ஐயுறலாம்.

மாணவர் வகுப்பிற் கற்கும் வளிமண்டல அமுக்கமே கடலிற் சென்றவரைக் கரை சேர்க்கிறது.