வலி தெரியாத விரல்கள்

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் தினம். "அந்த நோய்தான் ஒழிந்துவிட்டதே!" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 இறுதியில் எட்டியது உண்மைதான். ஆனாலும் 2023-இல் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சத்திற்கும் அதிகமானோரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இது உலக எண்ணிக்கையில் பாதிக்கும் மேல்.

இந்நோயைப் பற்றிய மருத்துவ உலகின் எண்ணத்தை மாற்றியவர்களுள் ஒருவர் நமது கொல்லிமலையில் பிறந்தவர். ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மறைப்பணித் தம்பதியரின் மகனாக 1914-இல் பிறந்தார் பால் பிராண்ட். மலைவாழ் மக்களின் புண்களைத் தந்தை கழுவிக் கட்டும்போது கண்ட இரத்தமும் சீழும் சிறுவனுக்கு மருத்துவத்தின்மீது வெறுப்பையே தந்தன. படிப்பிற்காக ஒன்பது வயதில் இங்கிலாந்து சென்றவர் மீண்டும் தந்தையைக் காணவில்லை. 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்தார். தாயோ முதுமையிலும் மலை ஊர்களில் பணிசெய்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

முதலில் கட்டடத் தொழில் கற்ற பால், பின்னர் மருத்துவராகி 1946-இல் வேலூர் வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அன்று நம்பினர். நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதே காரணம் என்று பிராண்டும் உடன் உழைத்தவர்களும் கண்டனர். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், தூக்கத்தில் எலி கடித்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தினார். வேலை செய்து பிழைக்கத் தச்சுத் தொழிலும் கற்பித்தார்.

அவரிடம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஊனமுற்றோரின் மறுவாழ்வுக்கென வேலூரில் தனிப் பிரிவையே உருவாக்கினார். சொந்த வாழ்வில் கண்ட துன்பம் இவர்களைப் பிறர் துன்பத்தின் அருகில் கொண்டு சேர்த்தது.

இன்று மருந்து இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமாகும். பிறகு ஏன் இன்னும் கைகால் ஊனம்? வெட்கத்தால் மறைத்து, காலம் கடந்து வருவதே முக்கியக் காரணம். அந்த வெட்கத்தை உண்டாக்குவது சுற்றியிருப்போரின் ஒதுக்கம். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது, 2019-இல்தான் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது நம் வீட்டுப் பேச்சிலிருந்தும் நீங்கிவிட்டதா?

தொழுநோயாளரை இயேசு தொட்டார் என்று திருப்பலியில் கேட்கிறோம். உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய தேமல் உறவினர் உடலில் தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். குணமாகி வந்தவரை நம் வீட்டுத் திருமணத்திற்கு அழைத்து, பந்தியில் அருகில் அமர்த்துவோம். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.