மீன் தொட்டி, நாய், பூனை உள்ள வீட்டுக்கு ஏற்ற தரை எது?

‘‘பொழுதுபோக்காக ஆரம்பித்த வண்ண மீன் வளர்ப்பு, இப்போது சிறிய வருமானம் தருகிறது. வீட்டுத் திண்ணையை அடைத்து 10 அடிக்கு 10 அடி அறையாக்கி, 3 அடி நீளத் தொட்டிகள் ஐந்து வைத்திருக்கிறோம். நாயும் 2 பூனைகளும் அந்த அறையில்தான் படுக்கும். சிமென்ட் தரை ஆங்காங்கே பெயர்ந்து தண்ணீர் தேங்குகிறது. போன மழைக்காலத்தில் மாமியார் அங்கே வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ‘கடன் வாங்கியாவது வீடு முழுக்கப் பளபளப்பான டைல்ஸ் போட்டுவிடலாம்’ என்கிறார் வீட்டுக்காரர். எந்தத் தரை தண்ணீரைத் தாங்கும்? பிராணிகளுக்கும் ஏற்றதாக இருக்கும்?’’

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

வீடு முழுக்க டைல்ஸ் வேண்டியதில்லை. அந்த ஓர் அறையை மட்டும் சரிசெய்தால் போதும். அதற்குப் பளபளப்பான டைல்ஸ் கூடவே கூடாது. தரை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பு, அந்த அறையில் எவ்வளவு தண்ணீர் புழங்குகிறது என்று கணக்குப் பாருங்கள்.

3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரமுள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால், 5 தொட்டிகளுக்கும் சேர்த்து 200 லிட்டருக்கு மேல் வெளியே போகும். அதே அளவு உள்ளே வரும். குழாயில் ஒழுகுவது, வலையில் மீன் பிடிக்கும்போது சிந்துவது, நாய் குடித்துவிட்டுச் சிதறுவது எல்லாம் தனி. அதாவது, இது திண்ணை அல்ல. குளியலறை மாதிரியான அறை. அப்படி நினைத்துத்தான் தரை போட வேண்டும்.

வாட்டம்தான் முதல் வேலை

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கல்லாக இருந்தாலும், அதன்மேல் தண்ணீர் நின்றால் வழுக்கும். எனவே, வாசல் பக்கமோ, சுவர் ஓரத்து வடிகுழாய்ப் பக்கமோ தண்ணீர் தானாக ஓடும்படி, 10 அடிக்கு சுமார் 1.5 அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தரை சரிவாக இருக்கலாம். தொட்டி சரிவாக இருக்கக் கூடாது. சாய்ந்து நிற்கும் தொட்டியில் ஒரு பக்கக் கண்ணாடிக்கும் சிலிக்கான் ஒட்டுக்கும் அழுத்தம் கூடும். அதனால் தொட்டி நிற்கும் சுவர் ஓரங்களில் 3, 4 அங்குல உயரத்துக்குச் சமமான மேடை கட்டி, அதற்குக் கீழிருந்து வாட்டத்தைத் தொடங்குங்கள். ஸ்டாண்டின் அகலத்துக்கு மட்டும் மேடை இருந்தால் போதும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வயதானவர்களுக்குக் கால் இடறும். மேடைமீது ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே கொத்தனாரை அனுப்புங்கள்.

பழைய தரையைச் சோதியுங்கள்

பெயர்ந்த தரைமீது அப்படியே டைல்ஸ் ஒட்டினால், சில ஆண்டுகளில் டைல்ஸும் பெயரும். கம்பியால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடங்களைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். அடுத்து, தரை நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் 2 அடி சதுர பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டி, 2 நாள்கள் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்படியென்றால், பழைய தரையை எடுத்துவிட்டு, மண்ணைக் கெட்டித்து, கெட்டியான பாலித்தீன் விரிப்புப் போட்டு, அதன்மேல் புதிதாக கான்கிரீட் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

சிமென்ட் தரை: செலவு குறைவு. 1:2:4 கலவையில் சிறு ஜல்லி கான்கிரீட்டை 1.5 அங்குல கனத்துக்குப் போட்டு, மேலே வழவழவென்று தேய்க்காமல், துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்துவிட்டால் கால் பிடிக்கும். குறைந்தது 7 நாள்களாவது தண்ணீர் கட்டி வையுங்கள். உங்கள் தரை பெயர்ந்ததற்கு, இதைச் சரியாகச் செய்யாததும் காரணமாக இருக்கலாம். சிவப்பு ஆக்சைடு போட்டு மெழுகிய தரை பார்க்க அழகு. ஆனால், ஈரத்தில் வழுக்கும்.

கடப்பா கல், கோட்டா கல்: மெருகு ஏற்றாத கல்லாகக் கேட்டு வாங்குங்கள். எடையைத் தாங்கும்; நாய் நகத்தால் கீறினாலும் பெரிதாகத் தெரியாது. இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை என்பதால், ஆசிட் பட்டால் அரித்துவிடும்.

ஆத்தங்குடி கல்: சூளையில் சுடாமல், சிமென்டும் மணலும் நிறமும் சேர்த்துச் செய்வது. தண்ணீரை உறிஞ்சும், கறை பிடிக்கும். கூடத்துக்குப் பொருத்தம், தொட்டி அறைக்கு வேண்டாம்.

டைல்ஸ்: சுவருக்கான டைல்ஸ் தன் எடையில் 10 சதவிகிதத்துக்கு மேல்கூடத் தண்ணீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். எனவே, விட்ரிஃபைடு நல்லதுதான். ஆனால், பளபளப்பானதை விட்டுவிட்டு, சொரசொரப்பான ‘மேட்’ அல்லது ‘ஆன்டி ஸ்கிட்’ ரகத்தை வாங்க வேண்டும். சில பெட்டிகளில் ஆர்9 முதல் ஆர்13 வரை வழுக்காத் தன்மையைக் குறித்திருப்பார்கள். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். உங்களுக்கு ஆர்11 பொருத்தமாக இருக்கும். அப்படிக் குறிப்பு இல்லாவிட்டால், கடையிலேயே ஒரு டைலில் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தபடியே பாதத்தால் தேய்த்துப் பாருங்கள். 2 அடிக்கு 2 அடி டைலைவிட 1 அடி சதுர டைல்தான் வசதி. வாட்டத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். இணைப்புகள் அதிகம் இருப்பதால் காலும் பிடிக்கும்.

வினைல் விரிப்பும், மரத்துகள் பலகைத் தரையும் உங்களுக்குச் சரிவராது. விரிப்புக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் வெளியேறாது. மரத்துகள் பலகை ஈரத்தில் உப்பிவிடும்.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், கோடு இழுத்த சிமென்ட் தரையே போதும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், 1 அடி ஆன்டி ஸ்கிட் டைல்ஸ். இரண்டுக்குமே 100 சதுர அடிதான் கணக்கு. வீடு முழுக்கப் போடக் கடன் வாங்கினால், அந்த வட்டி மீன் விற்ற காசை விழுங்கிவிடும்.

இணைப்பில்தான் நாற்றம்

டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாவிட்டாலும், இடையில் அடைக்கும் சிமென்ட் பூச்சு உறிஞ்சும். நாய், பூனைகளின் சிறுநீர் அதில் இறங்கிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. இணைப்புக்கு மட்டும் எப்பாக்ஸி பூச்சு போடச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். ஆனால், அறை சிறியது என்பதால் தாங்கும். டைலுக்கு அடியில் கலவை முழுவதுமாகப் பரவியிருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்து ஒட்டினால், உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, ஸ்டாண்டின் கால் அழுத்தும் இடத்தில் உடையும். தண்ணீர், கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து ஒரு தொட்டி 200 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் 4 அங்குல சதுர இரும்புத் தகடு வையுங்கள்.

வேலை நடக்கும்போது...

மீன்களை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். ஏர் பம்பும் தூசி இல்லாத இடத்தில் இருக்கட்டும். அது இழுக்கும் காற்றோடு சிமென்ட் தூசி தண்ணீரில் கலந்தால், காரத்தன்மை கூடி மீன்கள் செத்துப்போகும்.

தரை வேலையோடு மின்சார வேலையையும் முடித்துவிடுங்கள். பிளக் பாயின்ட் தொட்டிக்குக் கீழே இருக்கக் கூடாது. ஒயரைத் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குக் கொண்டு போகாமல், கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினால், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம் பொருத்துங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதுதான் உயிர்க்காப்பு. ஏர் பம்ப், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரன்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து தரையில் கொட்டும். குழாயில் சிறிய நான் ரிட்டர்ன் வால்வு மாட்டினால் இது நடக்காது.

கழுவும் முறை

சிறுநீர் பட்ட இடத்தை முதலில் வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு, பிறகு நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துங்கள். சிறுநீரோடு நேரடியாகச் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. ஃபீனால் கலந்த கிருமிநாசினி பூனைகளுக்கு விஷம். தரையில் மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். எதைக் கொண்டு கழுவினாலும், கையை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே தொட்டியில் விடுங்கள்.

எலி நடமாட்டம் இருந்தால், தரை ஈரமாக இருப்பது எலிக்காய்ச்சலுக்கும் வழிவகுக்கும். காலில் புண் இருப்பவர்கள் அந்த அறைக்குள் வெறுங்காலோடு போக வேண்டாம்.

வடிகுழாயின் மறுமுனையை வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் பயிருக்கு நல்லது. உப்போ மருந்தோ போட்ட தொட்டித் தண்ணீரை மட்டும் பயிருக்கு விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வடிந்தால் கொத்தனாருக்கு மீதிக் கூலியைக் கொடுக்கலாம். எங்காவது குட்டை கட்டினால், சரிசெய்த பிறகு கொடுங்கள்.

‘‘மாடி வீட்டில் 4 அடி மீன் தொட்டி வைக்கலாமா?’’

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

4 அடி நீளம், 1.5 அடி அகல, உயரம் கொண்ட தொட்டி, ஸ்டாண்டோடு சேர்த்து ஏறக்குறைய 300 கிலோ வரும். குடியிருப்பு மாடித் தளங்களை, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். உங்கள் தொட்டி நிற்பதோ அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில். அதனால், அறையின் நடுவிலும் பால்கனியிலும் வைக்கவே கூடாது. கீழே சுவரோ பீமோ உள்ள ஓரத்தில் வைக்கலாமா என்பதை, கட்டடத்தை நேரில் பார்க்கும் பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகல, உயரமுள்ள தொட்டியில் 57 லிட்டர்தான் பிடிக்கும். நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளத்துக்கு அது பெரிய சுமை இல்லை.