ஊரான் வீட்டுக் குப்பை

டிஸ்கி: நான் பி.காம்., வங்கி வேலை. கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீலசந்திரா வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா. இன்னொருவன் அக்கா மகன், இங்கேதான் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ரசம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போனது.

"லீவு நாள்ல என்னப்பா பண்றே?"

"ஒரு ஓப்பன் சோர்ஸ் டெமானோட சி கோடை க்ளீன் பண்றேன், தாத்தா."

"யாரு எழுதினது?"

"யார் யாரோ. இருபது வருஷமா எழுதினது."

"சம்பளம்?"

"கிடையாது."

"ஊரான் வீட்டுக் குப்பையைக் கூட்டவா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சே? புதுசா எதாவது பண்ணுப்பா!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பையன் பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டான். நான் சிரித்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

சித்தப்பாவை விடுங்கள், அவருக்கு 74 வயது. இந்த ஊரில் சாஃப்ட்வேரிலேயே பிழைக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்? புதுசு செய்தவனுக்கு ப்ரமோஷன், இருப்பதைச் சரிபார்க்கிறவன் 'மெயின்டனன்ஸ்ல மாட்டிக்கிட்டான்'. கல்யாண மார்க்கெட்டில்கூட அந்த வார்த்தைக்கு ஒரு மாற்று குறைவு!

டெமான் என்றால் பேய் இல்லை. திரைக்குப் பின்னால் ராப்பகலாக ஓடுகிற புரோகிராம், நம்ம வாட்ச்மேன் மாதிரி. போர்ட்டபிள் என்றால் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பது. லினக்ஸிலும் ஓடணும், ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடணும், மேக்கிலும் ஓடணும். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்பதுதான் இதில் கஷ்டமே.

நான் பி.காம். படித்த காலத்தில் சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் டர்போ சி கற்றுக்கொண்டேன். வாய்டு மெயின், கோனியோ, கெட்-சிஹெச்... ஞாபகம் இருக்கா? அதில் இன்ட் என்றால் 2 பைட். கூட்டுவட்டி 32,767-ஐத் தாண்டினால் மைனஸில் போய்விடும். அதுதான் சி என்று நம்பிக்கொண்டு வெளியே வந்தேன். அது டாஸ் என்கிற ஒரே ஊரின் வட்டார வழக்கு என்று பையன் சொல்லித்தான் தெரியும். நம்ம பக்கத்துக் காலேஜ்களில் அந்த நீலத் திரை எத்தனை வருஷம் ஓடியது என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அவன் திருத்திய ஒன்றைச் சொல்றேன். எழுத்து எழுத்தாகப் படித்து, முடிவு வந்தால் நிறுத்து என்று ஒரு லூப். முடிவுக்கு அடையாளம் மைனஸ் 1. படித்ததை யாரோ 'கேர்' என்கிற சின்னப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். சாதாரண இன்டெல் பிசியில் அந்தப் பெட்டி மைனஸை ஏற்றுக்கொள்ளும். ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் ஏற்காது. மைனஸ் 1 போய் 255 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது. 'கேர்' என்பதை 'இன்ட்' என்று மாற்றினால் சரி. ஒரே ஒரு வார்த்தை! அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடியிருக்கிறான்.

இது வெட்டி வேலை என்கிறவர்களுக்காக 2024 ஜூலை 1-ஆம் தேதி வெளிவந்த கதை.

ஓபன்எஸ்எஸ்ஹெச் என்று ஒன்று உண்டு. தூரத்து சர்வருக்குள் பத்திரமாக நுழைய உலகம் முழுக்க இதைத்தான் நம்பியிருக்கிறது. 1999-இல் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் ஆரம்பித்தது. ஒரு குழு தங்கள் சொந்த சிஸ்டத்துக்குச் சுத்தமாக எழுதும். இன்னொரு குழு அதை எடுத்து மற்ற ஊர்களுக்கு ஏற்றபடி மாற்றும். வெர்ஷன் நம்பரில் '8.5பி1' என்று ஒரு 'பி' வருகிறதே, அது போர்ட்டபிள் 'பி'.

அந்த டெமானில் இரண்டு நிமிஷத்துக்குள் லாகின் செய்யாதவனுக்கு அலாரம் அடிக்கும். அடித்ததும் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, லாக்கில் ஒரு வரி எழுதி வெளியேறணும். ஓபன்பிஎஸ்டியில் இது பத்திரம். அலாரம் நேரத்திலும் ஆபத்தில்லாமல் லாக் எழுத 2001-லேயே வழி செய்துவிட்டார்கள். ஜி-லிப்சி நூலகம் உள்ள லினக்ஸில் அப்படி இல்லை. கேஷியர் கட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுப்பி, அதே கட்டிலிருந்து இன்னொருவருக்குப் பணம் கொடு என்ற மாதிரி. கணக்கு குழம்பும், அந்தக் குழப்பத்தில் திருடன் நுழையலாம். இந்த ஓட்டையை 2006-லேயே அடைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் லாக் எழுதாதே, பேசாமல் வெளியே போ என்று ஒரு 'இஃப்டெஃப்' வரி போட்டு.

2020 அக்டோபரில் லாக் எழுதும் பகுதியை ஒழுங்குபடுத்தினார்கள். அந்த வரி தவறுதலாகப் போய்விட்டது. 2021-இல் வந்த 8.5பி1 முதல் ஓட்டை மறுபடி திறந்தது, மூன்று வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. குவாலிஸ் நிறுவனம் கண்டுபிடித்து 'ரெக்ரெஷன்' என்று பெயர் வைத்தது. இணையத்தில் 1 கோடியே 40 லட்சம் சர்வர்கள் வரை ஆபத்தில் இருக்கலாம் என்று சொன்னார்கள். உள்ளே நுழைவது சுலபமில்லை என்பது உண்மைதான். அவர்களுக்கே 32-பிட் லினக்ஸில் சராசரியாகச் சுமார் 10,000 முயற்சி தேவைப்பட்டது.

உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. "பாத்தியா? ஓடுற வண்டியைக் கழட்டினா இப்படித்தான்!"

இந்த வாதம்தான் எனக்குக் கொதிக்கிறது. ஓடுறதைத் தொடாதே என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்கியில் ஒரு பெயர் உண்டு: சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கள் கிளை கோர் பேங்கிங்குக்கு மாறுவதற்கு முன் ராத்திரி ராத்திரியாக அதைத்தான் தோண்டினோம். 'பின்னர் சரிசெய்யப்படும்' என்று பத்து வருஷமாகக் கிடந்த என்ட்ரிகள். நான் புது ஆள். இரண்டு முறை விழுந்த மாதிரி இருந்த ஒரு நாலாயிரத்துச் சொச்சத்தைத் திருப்பிப்போட வவுச்சர் எழுதிவிட்டேன். பாஸ் பண்ணவேண்டிய அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. "இது ஏன் இங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. தலைமை கேஷியரைக் கேட்டால், ஒரு விதவைப் பென்ஷன்காரருக்குப் போய்ச் சேராத பணம் அது.

அதற்காகத் தோண்டுவதையே நிறுத்திவிட்டோமா? இல்லையே. ஒருவர் எழுதணும், இன்னொருவர் பார்க்கணும், எதற்கென்று நரேஷன் இருக்கணும். மேக்கர், செக்கர் என்று எங்களுக்கு இரண்டு சம்பளம் கொடுக்கிறார்கள். உலகத்துக் கதவுகளைக் காக்கிற கோடில் மேக்கருக்கே பல இடங்களில் சம்பளம் கிடையாது, செக்கருக்கு எங்கே போக? ஓபன்எஸ்எஸ்ஹெச் பரவாயில்லை, திறமையான குழு. கண்டுபிடித்த குவாலிஸே அதை உலகின் மிகப் பாதுகாப்பான மென்பொருள்களில் ஒன்று என்றுதான் எழுதியது. அவர்களுக்கே கை தவறும் என்றால், ஒற்றை ஆள் ப்ராஜெக்டுகளின் கதி?

அதையும் அதே 2024-இல் பார்த்தோம். எக்ஸ்-இஸட் என்கிற சுருக்கும் நூலகத்தைப் பல வருஷம் கிட்டத்தட்ட ஒரே ஆள் பராமரித்தார். களைத்துப்போயிருந்தவரை நச்சரித்து, உதவுகிற மாதிரி வந்து சேர்ந்த இன்னொரு 'பராமரிப்பாளர்' கள்ளக்கதவு வைத்தார். மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் லாகின் அரை வினாடி தாமதமாவதைத் துருவிப் பிடித்திருக்காவிட்டால்... சரி, அது பெரிய கதை. 2014-இல் ஹார்ட்ப்ளீட் வந்தபோதும் இதே கதைதான். பாதி இணையம் நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். நம்ம வீட்டு மொய்ப் பணம்! அதைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் ஆக்கியவர்கள் முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரி சி கோடைத் தூக்கிப் போட்டார்கள். செத்துப்போன சிஸ்டங்களுக்கான வரிகளெல்லாம் அதில் இருந்தன. இத்தனை வருஷம் கூட்ட ஆள் இல்லை.

இங்கே அவுட்டர் ரிங் ரோடு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே ஓடுகிற சர்வர்களில் இந்தக் கோட்தான், இலவசமாக. நம்ம ஊர் ஜெரோதா 2024 அக்டோபரில் இதற்காக வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் என்று ஃப்ளாஸ் ஃபண்ட் ஆரம்பித்தது. ஒரு ஷேர் புரோக்கருக்குத் தோன்றியது, சாஃப்ட்வேரையே விற்கிற மற்றவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? பணம்கூட வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் இதைச் செய் என்று இரண்டு பேரை விட்டால் குறைந்தா போகும்? எங்கள் வங்கித் துறையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நேற்று பையனுக்கு போன் பண்ணி அன்றைக்குச் சிரித்ததற்கு ஸாரி சொன்னேன். "அதை விடுங்க மாமா" என்றான். அவன் அனுப்பிய இன்னொரு திருத்தத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒரு பழைய இஃப்டெஃபை எடுத்திருந்தான். அது முதலில் எதற்குப் போட்டது என்று கண்டுபிடித்து எழுதிவிட்டு வா என்று பதில். 2003 வரை பழைய மெயில்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறானாம்.

இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வரமாட்டானாம். கேரியரில் கொடுத்து அனுப்பணும்.