வயசாயிடுச்சு இல்ல... அப்புறம் என்ன?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். செமஸ்டர் முடிந்ததால் இன்று உட்கார்ந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம் படிக்கிறவன். வீட்டில் நடந்ததையும், அதற்கப்புறம் தேடிப் படித்ததையும் வைத்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள்.

என் தாத்தாவுக்கு 74 வயது. முத்தாபுதுப்பேட்டையில் காலை ஆறு மணிக்கெல்லாம் டீக்கடை பெஞ்சில் பேப்பரோடு இருப்பார். ஒருநாள், இட்லி நெஞ்சில் நிற்கிறது என்றார். தண்ணீர் குடித்துத் தள்ளிக்கொண்டார். கொஞ்ச நாளில் சோறு இறங்கவில்லை. குழைய வடித்துப் பிசைந்து கொடுத்தோம். "வயசானா அப்படித்தான்" என்று நாங்களே தீர்ப்பு எழுதியதில் இரண்டு மாதம் போயே போச்சு. அப்புறம்தான் எண்டோஸ்கோபி. உணவுக்குழாயில் புற்றுநோய்.

முதலில் காட்டிய இடத்தில் இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "வயசாயிடுச்சு. வீட்ல வெச்சு நல்லாப் பாத்துக்குங்க." பெரியப்பாவும் அப்பாவும் தலையாட்டினார்கள். நானும்தான். தாத்தாவிடம், "உள்ள புண்ணு இருக்கு, மருந்து குடுத்திருக்காங்க" என்று சொல்லி வைத்தோம்.

கஞ்சியும் இறங்காமல் போனபோது வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைத்த இடத்தில் வலைபோல ஒரு குழாயை வைத்து வழிவிடுவது. இரண்டாம் நாளே டீ குடித்தார். ஐந்து மாதம் இருந்தார்.

வேறு வைத்தியம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. எனக்கு உறுத்துவது வேறு. அவருக்கு என்னென்ன வழி இருந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை. 74 என்ற ஒரு எண்ணை வைத்து எல்லாரும் முடிவு எடுத்துவிட்டோம்.

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே அளவு கழித்துக்கொண்டே போவோம். பத்து வருஷம் ஆனால் மதிப்பு பூஜ்யம். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. ஆனால் ஒரே வருஷம் வாங்கிய இரண்டு லாரியில் ஒன்று காயலான் கடைக்குப் போயிருக்கும், இன்னொன்று ரெட்ஹில்ஸ் ரோட்டில் லோடு அடித்துக்கொண்டிருக்கும். மனுஷனுக்கு மட்டும் ஏன் நேர்கோட்டு முறை?

இந்த நோய்க்கு ஒரே வைத்தியம் என்று கிடையாது. நோய் பரவாமல் இருந்தால் ஆபரேஷன் செய்யலாம். நெஞ்சையும் வயிற்றையும் திறந்து, இரைப்பையை மேலே இழுத்து இணைக்கிற பெரிய ஆபரேஷன். வயதானவர்களில் பலருக்கு அது தாங்காது என்பது உண்மைதான். ஆனால் ஆபரேஷன் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்தோமே, அங்கேதான் தப்பு. நடுவில் கதிர்வீச்சு இருக்கிறது. அதோடு கீமோ சேர்த்துக் கொடுப்பது இருக்கிறது. விழுங்குவதற்கு மட்டுமாவது உதவுகிற ஸ்டென்ட், குழாய்க்குள்ளேயே கொடுக்கும் கதிர்வீச்சு என்றும் இருக்கின்றன.

சீனாவில் 23 ஆஸ்பத்திரிகளில் 70 முதல் 85 வயது வரையிலான 298 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021-ல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 36 சதவீதம். கூடவே எஸ்-1 என்ற வாய்வழி கீமோ மருந்தும் சாப்பிட்டவர்களில் 53 சதவீதம். அவர்கள் ஓரளவு தெம்பாக நடமாடியவர்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள்!

"கிழவரைப் போய் எதுக்குச் சித்ரவதை பண்ணணும்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். எங்கள் ஊரிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வந்து, மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், எதிரே ஜி.எச்.சுக்கு நடப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். சாப்பிடாமல் இளைத்துப்போனவருக்கு எப்படி இருக்கும்? சிலருக்கு வேண்டாம் என்பதே சரியான முடிவாக இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் யாருக்குத் தாங்கும், யாருக்குத் தாங்காது என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. எடை எவ்வளவு குறைந்தது, தானே நடக்கிறாரா, அடிக்கடி விழுகிறாரா, ஞாபகம் எப்படி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டில் யார் துணை என்று ஒவ்வொன்றாக அளப்பது. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புற்றுநோய் முற்றிய 70 வயதுக்கு மேற்பட்ட 718 பேரைப் பார்த்தார்கள். இப்படி அளந்த விவரம் டாக்டர் கைக்குப் போனபோது, கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் 71 சதவீதத்திலிருந்து 51 ஆகக் குறைந்தார்கள். ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை.

இதற்கு அமெரிக்காதான் போக வேண்டும் என்றில்லை. முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் 1978-லேயே சென்னை ஜி.எச்.சில் தொடங்கியது. 2024-ல் கிண்டியில் முதியோருக்காகவே ஒரு தேசிய மருத்துவமனையும் திறந்தாயிற்று. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் நாங்கள் இரண்டு நிமிடப் பதிலோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

என்னைக் கேட்டால், வீட்டில் பெரியவர் யாராவது சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். புற்றுநோய் என்று வந்துவிட்டால், "வயசு எவ்வளவு?" என்பதோடு பேச்சை முடிக்க விடாதீர்கள். என்னென்ன வழி, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன கஷ்டம் என்று கேளுங்கள். முடிந்தால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். முக்கியமாக, சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் சரி, அது அவர் முடிவு.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே தாத்தா கேட்டார். "ஏன்டா, இதை அப்பவே வெச்சிருக்கலாம்ல?"

என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை.