பெயரைத் திருத்துவதா, பொறியைத் திருத்துவதா?

சேர்க்கை முதல் தேர்வு முடிவு வரை யாவும் கணினித் தரவுத்தளத்தில் அடங்கிவிட்ட காலம் இது. அதனுள் நுழையப் பயனர் பெயர் வேண்டும். கம்மாபுரத்து மாணவி ஒருத்தி ‘ஃபாத்திமா’ எனத் தன் பெயரைத் தமிழில் இட்டால், ‘சிறப்புக் குறிகள் ஏற்கப்படா’ என மறுக்கும் தளங்கள் பல உள. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த ஆய்தம் பொறிக்கு அயற்குறியாம்! ஆங்கில எழுத்திலோ அப்பெயரை மூவர் மூவகையாக எழுதுவர். சான்றிதழில் ஒன்று, வங்கிக் கணக்கில் வேறொன்று என அலைபவள் அம்மாணவியே.

மறுப்போர் அச்சம் முற்றும் பொய்யன்று. 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கு இடமுண்டு. ஆயினும் ‘மொய்தீன்’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘மௌலானா’வில் ஔகாரக் குறிக்கு மாற்றாகக் கொம்பும் ளகரமும் இட்டாலும் வேறுபாடு எளிதிற் புலப்படாது. ஒருவர் பெயரில் மற்றொருவர் புக இது வழியாகும்.

எனினும் எழுத்தைத் தடுப்பது தீர்வன்று என்பதே நம் கருத்து. ஒகர வடிவம் இரண்டையும் ஒன்றாக்கும் விதி ஒருங்குறியிலேயே உண்டு. ளகர மயக்கத்திற்குத் தனி விதி வகுக்கலாம். அவ்விதியை வகுக்க எழுத்திலக்கணம் அறிந்தோர் தேவை. நம் தமிழ் மாணவர் கணினி நிரலும் பயின்று இப்பணியை ஏற்பாராக. பெயர் பெற்றோர் இட்டது. திருந்த வேண்டியது பொறியே.