எதையும் விலக்காதே என்னும் பிடிவாதம்

மதுரை மாசி வீதிகளின் மொத்த வியாபாரக் கடைகளிலும், கப்பலூர்த் தொழிற்பேட்டையின் ஆலைகளிலும், வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் எல்காட் அமைத்த பூங்காக்களிலும், கணிப்பொறி பராமரிப்போர் பலரிடத்தில் வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு: சர்வரில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் ஓயாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்; ஒரு ஃபோல்டருக்கேனும் விலக்கு அளித்தால் பாதுகாப்பே போயிற்று. கேட்பதற்கு இது ஜாக்கிரதையின் வாக்காகவே தோன்றுகிறது. ஆனால் மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கி நிற்கும் சர்வரைப் பொறுத்தவரை இந்தக் கொள்கை முழுத் தவறு. அதனால் விளையும் நஷ்டத்தை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

நம் ஊரில் ஓரளவு பெரிய கடைகளில் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். பின்கட்டில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சர்வர். அதில் விண்டோஸ் சர்வரும் அதனுடன் வரும், மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் ஹைப்பர்-வியும். அதன்மேல் டாலி என்னும் கணக்கு மென்பொருளுக்கென ஒரு மெய்நிகர் இயந்திரம், பில்லிங்குக்கென மற்றொன்று. டாலி இயந்திரம் தனக்குரிய வன்தட்டு என்று கொண்டு எழுதியும் படித்தும் வருகிற அத்தனையும், தாங்கி நிற்கும் சர்வரின் கணக்கில், விஎச்டிஎக்ஸ் என்று பெயர் முடியும் ஒரே ஒரு பெருங்கோப்புத்தான். அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அக்கோப்பு விஎம்டபிள்யூபி என்னும் நிரலின் பிடியில் திறந்தபடியே கிடக்கிறது. உள்ளே ஊழியர் ஒருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறப்பதையும், அதிலிருந்து விஷநிரல் கிளம்புவதையும் வெளிச் சர்வரின் ஆன்டிவைரஸ் காண்பதில்லை. நெல்பேட்டைக் கிட்டங்கியில் பூட்டி முத்திரையிட்ட அறையின் கதவை இரவெல்லாம் தட்டிப் பார்க்கும் காவற்காரனைப் போல, உள்ளே நடப்பது இன்னதென்று அறியாமல், ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுத்துக்கும் குறுக்கே நிற்கிறது.

குறுக்கே நிற்பதன் முதற்பலன் மந்தம்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பலன் பொறுக்கத்தக்கதன்று. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு இருபதாம் தேதி கெடு நெருங்கிய ஒரு வாரத்தில், கடை ஒன்றில் மின்சாரம் போய் வந்து சர்வர் மறுபடி கிளம்பியபோது, ஹைப்பர்-வி மேனேஜரில் இயந்திரங்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. "அண்ணே, டாலி மெஷினையே காணோம்ணே" என்று கணக்குப்பிள்ளை போனில் பதறினார். வன்தட்டுக் கோப்புகள் டி டிரைவில் பத்திரமாகவே இருந்தன. இயந்திரங்களை மேற்பார்க்கும் விஎம்எம்எஸ் என்னும் சேவை கிளம்புகிற தருணத்திலேயே ஆன்டிவைரஸும் அவற்றின் அமைப்புக் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு பரிசோதிக்கத் தொடங்கியதே காரணம். உரிய ஃபோல்டர்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து அந்தச் சேவையை மறுபடி தொடங்கியதும் இயந்திரங்கள் இரண்டும் பட்டியலில் வந்துவிட்டன. இப்படி நேரக்கூடும் என்பதையும், அதன் நிவர்த்தி இதுவே என்பதையும் மைக்ரோசாப்ட் நிறுவனமே தன் ஆவணங்களில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. இன்னோர் ஆபத்தும் உண்டு. இயந்திரத்தின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் செக்பாயின்ட் எடுத்த பிற்பாடு புதிதாக எழுதப்படுவதெல்லாம் ஏவிஎச்டிஎக்ஸ் கோப்பில் சேர்கிறது. அதை ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டுத் தனிமைப்படுத்திவிட்டால் சங்கிலி அறுந்து, அந்தத் தேதிக்குப் பிந்திய கணக்கெல்லாம் கைக்கெட்டாமற்போகும்.

"விலக்கெல்லாம் விண்டோஸே தானாகப் போட்டுக்கொள்கிறதே" என்பார் சிலர். விண்டோஸ் சர்வரின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கொண்டு, ஹைப்பர்-வியை நிறுவினால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாகவே சில விலக்குகளை ஏற்கிறது என்பது உண்மையே. ஆயினும் அவற்றுள் ஃபோல்டர் விலக்குகள் வழக்கமான இடங்களுக்கு மட்டுமே உரியவை. நம்மவர் சி டிரைவில் இடம் போதாதென்று கோப்புகளை டி டிரைவுக்கு மாற்றிய மாத்திரத்தில் அந்த விலக்கு அங்கே செல்லாது. விலை கொடுத்து வாங்கிய வேறோர் ஆன்டிவைரஸுக்கோ டிஃபெண்டரின் பட்டியல் ஒரு பொருட்டே அன்று.

விலக்கிய ஃபோல்டரில் தாக்குவோர் வந்து ஒளிந்துகொள்வார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதை நான் தள்ளவில்லை. ஆனால் அது விலக்கைக் குறுக்குவதற்குக் காரணமே தவிர, கைவிடுவதற்குக் காரணமாகாது. டி டிரைவ் முழுவதையும் விலக்கிவிட்டு, அதே டிரைவில் இறக்கிய மென்பொருள்களையும் பென்டிரைவ் சரக்கையும் குவித்துவைக்கிற சோம்பேறித்தனத்தை நானும் கண்டிக்கிறேன். இயந்திரக் கோப்புகளுக்கென்று தனி ஃபோல்டர் ஒதுக்கி அதை மட்டும் விலக்க வேண்டும். நிரல்களை விலக்கும்போது வெறும் பெயரை எழுதாமல் சிஸ்டம்32 உட்பட முழுப் பாதையையும் எழுத வேண்டும், ஏனெனில் விஎம்எம்எஸ் என்ற பெயரை எந்தத் திருட்டு நிரலும் சூட்டிக்கொள்ளலாம். அந்தச் சர்வரில் அமர்ந்து ஒருவரும் இணையம் பார்க்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்டிவைரஸை ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளேயும் நிறுவ வேண்டும். கோப்புகள் கோப்புகளாகக் கண்ணுக்குப் படுவது அங்கேதான். எதையும் விலக்காதே என்று வற்புறுத்துகிறவர் பலரும், சர்வரில் ஒன்று இருப்பதை நம்பி, உள்ளிருக்கும் இயந்திரங்களை வெறுமையாக விட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

தாங்கி நிற்கும் சர்வரையே நேரே தாக்கினால் ஆன்டிவைரஸை மட்டும் நம்பிப் பயனில்லை. 2023 பிப்ரவரியில் உலகெங்கும், ஹைப்பர்-வியைப் போன்றதான விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைத் தாக்கி, மெய்நிகர் இயந்திரங்களின் கோப்புகளையே மறையாக்கம் செய்து பணம் கேட்ட இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்னும் நிரலைப் பற்றி, ஒரு பழைய ஓட்டை வழியே அது நுழைந்தது என்பதே அன்று வெளியான எச்சரிக்கைகளின் சாரம். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தைப் போட்டு, வெளியுலகிலிருந்து சர்வரைப் பிரித்து, பிரதி ஒன்றைத் தொடர்பறுத்துத் தனியே வைத்தவர்களின் கணக்குப் புத்தகங்கள் பிழைத்தன.

ஆகவே, சர்வரின் பொறுப்பை ஏற்றிருக்கும் அன்பர்களே, இவ்வாரத்திலேயே ஹைப்பர்-வி செட்டிங்ஸைத் திறந்து, வன்தட்டுக் கோப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பார்த்து, ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் அதே பாதை இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.